வெள்ளைப் பஞ்சு மிட்டாயும் 14 இலக்க நம்பரும்

கிலோ சீனி 45 ரூபாய் என்று வையுங்கள். ஒரு பஞ்சு மிட்டாய்க்கு 30 கிராம் போதும். ஒன்றரை ரூபாய்கூட ஆகாது. விற்பது 20 ரூபாய்க்கு. டீக்கடையில் இந்தக் கணக்கைச் சொன்னால், “கொள்ளை லாபம்லா அண்ணாச்சி!” என்று நாலு பேர் கிளப்பிவிடுவார்கள். கிளம்பிவிடாதீர்கள். இந்தத் தொழிலில் ஆகக் குறைந்த செலவே சீனிதான். இடம், ஆள், வேகம், நல்ல பெயர் ஆகிய நான்கில்தான் காசு போகும். வருவதும் அந்த நான்கில்தான். சங்கரன்கோவில் வட்டாரத்தில் இதைத் தொடங்க நினைப்பவர், முதல் ரூபாயைப் போடும் முன் கீழே உள்ளதை ஒருமுறை படித்துவிடட்டும்.

1. ரோஸ் கலரை மறந்துவிடுங்கள்

2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற சாயம் இருப்பது சோதனையில் தெரிந்தது. அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் விற்பனைக்குத் தடை அறிவித்தார். சென்னையில் எடுத்த மாதிரிகள் கிண்டியில் உள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போயின. அங்கும் அதே சாயம். பிப்ரவரி 17 அன்று தமிழ்நாட்டிலும் தடை வந்தது. மார்ச்சில் கர்நாடகம், பஞ்சு மிட்டாயில் செயற்கை நிறமே கூடாது என்றது. கலர் போடாத வெள்ளை மிட்டாயை விற்கலாம் என்றும் சொன்னது.

ரோடமின் பி துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். விசைத்தறி ஓடும் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நூலுக்குப் போக வேண்டியது பிள்ளைகளின் வாய்க்குப் போனது. காரணம் எளிது: விலை மலிவு, ஒரு சிட்டிகையிலேயே பளீரென்று பிடிக்கும், பெட்டிக்கடையில் கேட்டால் பொட்டலமாகக் கிடைக்கும், பொட்டலத்தின் மேல் எதுவும் எழுதியிருக்காது.

“அனுமதித்த ஃபுட் கலர் போடலாமே?” என்பீர்கள். நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதித்த செயற்கை நிறங்கள் எட்டு. கார்மோய்சின், பொன்சோ 4ஆர், எரித்ரோசின் மூன்றும் சிவப்பு வகை. ஆனால் உச்சவரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். அதாவது 10 கிலோ சீனிக்கு ஒரே ஒரு கிராம். அந்த ஒரு கிராமைத் துல்லியமாக நிறுத்து, 10 கிலோவிலும் சமமாகக் கலக்க உங்களிடம் வசதி இருக்கிறதா? கை அளவில் போட்டால் அனுமதித்த கலரும் சட்டமீறல்தான்.

ஆகவே வெள்ளை. பயந்து எடுக்கும் முடிவு என்று இதை நினைக்க வேண்டாம். இதுதான் உங்கள் மார்க்கெட்டிங். தடைச் செய்தி டிவியில் ஓடியதிலிருந்து, பிள்ளை கைநீட்டினால் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். அந்த அம்மாவை நிறுத்தி வாங்க வைக்கிறவருக்குத்தான் இனி வியாபாரம். “கலர் சேர்க்காதது” என்று பெரிதாக ஒரு போர்டு. சீனி மூட்டையின் லேபிள் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். பிள்ளைகள் ரோஸ் கேட்கத்தான் செய்வார்கள். மிஷினுக்கு அடியில் ஒரு கலர் எல்இடி பட்டையைச் சுற்றிவிடுங்கள். வெள்ளை நூல்மேல் ரோஸ் வெளிச்சம் விழும். பார்வைக்குக் கலர் கிடைத்துவிட்டது, வாய்க்கு வெறும் சீனி.

கருப்பட்டியில் செய்தால் ஆரோக்கியம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஈரமும் கசடும் உள்ள பொருளை மிஷினின் சுழலும் ஹெட்டில் போட்டால் அடிபிடித்துத் துளை அடைக்கும். ஏலக்காய் மணம் வேண்டுமென்றால் சுற்றி முடித்த பின் மேலே தூவுங்கள்.

2. பேப்பர் வேலையை முதல் வாரமே முடியுங்கள்

ஃபாஸ்கோஸ் என்ற இணையதளத்தில், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு எடுக்க வேண்டும். சிறு வியாபாரிக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயைத் தாண்டாது. போட்டோ, அடையாள அட்டை, முகவரிச் சான்று இருந்தால் மொபைலிலேயே முடிக்கலாம். கிடைப்பது 14 இலக்க நம்பர். அதை வண்டியின் நெற்றியில் எழுதுங்கள். விசிட்டிங் கார்டிலும் வாட்ஸ்அப் புரொஃபைலிலும் போடுங்கள். கம்பில் பாக்கெட்டுகளைக் கட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு விற்பவரிடம் இந்த நம்பர் பெரும்பாலும் இருக்காது. மண்டப மேனேஜர் இரண்டு பேரில் யாரைக் கூப்பிடுவார் என்பதை இது முடிவு செய்யும்.

அடுத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலரை நீங்களாகவே போய்ப் பாருங்கள். “வெள்ளை மட்டும் விற்கப்போகிறேன், இப்போது நடப்பில் உள்ள உத்தரவு என்ன, நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டு, சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரெய்டு நாளில் முதல்முறையாக அறிமுகம் ஆவதைவிட இது நல்லது. மாதிரி எடுத்தால் பதறாதீர்கள். ஒரு பகுதியை அங்கீகாரம் பெற்ற லேபுக்கு உங்கள் செலவில் அனுப்பச் சொல்லிக் கேட்க உணவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. சீனி வாங்கிய பில் ஒவ்வொன்றையும் ஃபைலில் வையுங்கள். பில் இல்லாத சரக்கு யாருடையது என்று கேட்டால் பதில் நீங்கள்தான்.

குச்சி விஷயத்திலும் கவனம். மிட்டாய்க்கான பிளாஸ்டிக் குச்சி 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. மூங்கில் குச்சி அல்லது பேப்பர் கோன் வாங்குங்கள். முன்கூட்டியே பாக்கெட் போட்டு விற்றால் லேபிள் விதிகள் வந்து சேரும். தொடக்கத்தில் அந்தத் தலைவலி வேண்டாம். கண்முன்னே சுற்றிக் கொடுப்பதோடு நிறுத்துங்கள்.

3. மிஷின்: விலையைப் பார்க்காதீர்கள், ஹெட்டைப் பாருங்கள்

உள்ளே நடப்பது இதுதான். சுழலும் ஹெட்டில் சீனி உருகுகிறது. வேகம் அதை நுண்துளைகள் வழியாக வெளியே வீசுகிறது. காற்றில் பட்டதும் நூலாக உறைகிறது. இதை 1897-இல் உருவாக்கியவர்களில் ஒருவர் பல் டாக்டர்! அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து வில்லியம் மாரிசன். மிட்டாய் வியாபாரி ஜான் வார்ட்டன் கூட்டாளி. 1904-இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் பெட்டி 25 சென்ட் என்று 68,655 பெட்டி விற்றார்கள். கண்காட்சி நுழைவுச் சீட்டே 50 சென்ட். அதில் பாதி விலையை வெறும் சீனிக்கு யார் கொடுப்பார்கள்? சுற்றுவதை வேடிக்கை பார்க்கக் கொடுத்தார்கள். மிஷினை மறைத்து வைத்துவிட்டுப் பாக்கெட் விற்கிறவர் இந்த வருமானத்தைக் கைவிடுகிறார்.

கரண்ட்டில் ஓடுவது, கேஸில் சூடாகி பேட்டரியில் சுற்றுவது என்று இரண்டு வகை. மண்டபம், மால், வீட்டு விசேஷம் என்றால் கரண்ட் மிஷின் போதும். சுமார் ஆயிரம் வாட் இழுக்கும், மணிக்கு ஒரு யூனிட். திருவிழாவில் அதை நம்பாதீர்கள். சீரியல் செட்டும் மைக் செட்டும் ஒரே லைனில் தொங்கும்போது வோல்டேஜ் விழும். 230 வோல்ட் 180-க்கு இறங்கினால் சூடு ஐந்தில் மூன்று பங்குதான் மிஞ்சும். சீனி உருகாது, நூல் வராது, எதிரே வரிசை நிற்கும். கோவில் கொடைகளைக் குறிவைத்தால் கேஸ் மிஷின் வாங்குங்கள். வீட்டு சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. அது குற்றம், ஆபத்தும்கூட. 5 கிலோ சிலிண்டர் தனியாகக் கிடைக்கிறது. ஹெட்டுக்கும் பிள்ளைகள் நிற்கும் இடத்துக்கும் நடுவே கட்டாயம் ஒரு தடுப்பு வையுங்கள். உருகிய சீனி தோலில் ஒட்டினால் வெந்நீரைவிட மோசமாகப் பொத்துவிடும்.

வாங்கும் முன் கடையில் ஓடவிட்டு அரை மணி நேரம் நில்லுங்கள். ஹெட் ஆட்டம் போடுகிறதா, சூடு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது, ஸ்பேர் பார்ட் இந்தப் பக்கத்தில் கிடைக்குமா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் ஹெட்டின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கருகல் படிந்திருந்தால் விலையைக் குறையுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். சீனி எம்-30 ரகம், பரும்படியாக இருப்பது நல்லது. பொடிச் சீனி உருகும் முன்பே துளை வழியாகப் பறந்துவிடும்.

4. மணிக்கு 60: இந்த எண்தான் உங்கள் முதலாளி

ஒரு மிட்டாய்ப் பூ சுற்ற ஒரு நிமிடம் என்றால் மணிக்கு 60. இருபது ரூபாய் வீதம் 1,200 ரூபாய். கூட்டம் எத்தனை ஆயிரம் வந்தாலும் உங்கள் ஒரு மிஷினால் இதைத் தாண்ட முடியாது. திருவிழாவில் கூட்டம் அலைமோதுகிற நேரம் நான்கு மணி என்று கொண்டால் 4,800 ரூபாய் உச்சம். ஒரு பூவுக்கு 45 நொடி என்று கை பழகினால் அதே நான்கு மணியில் 6,400. சீனியில் பத்துப் பைசா மிச்சம் பிடிப்பவரைவிட, 15 நொடி மிச்சம் பிடிப்பவர் ஜெயிப்பார். வீட்டில் மூட்டைச் சீனி காலியானாலும் பரவாயில்லை. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பழகிவிட்டுத்தான் தெருவுக்கு வர வேண்டும்.

இப்போது செலவு. சீனி, குச்சி, கேஸ், உடைந்து போவது எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 5 ரூபாய் என்று தாராளமாகவே வைப்போம். மிச்சம் 15. ஒரு திருவிழா நாளில் இடத்துக்கு 500, கூடமாட ஒரு ஆளுக்கு 600, வண்டிச் செலவு 300 ஆனால் மொத்தம் 1,400. அதாவது முதல் 94 மிட்டாய் மற்றவர்களுக்காகச் சுற்றுகிறீர்கள். 95-ஆவதில் இருந்துதான் உங்கள் பாக்கெட். சாதாரண நாள் சாயங்காலம் 40 விற்றால் 600 ரூபாய் நிற்கும். அன்றைக்கு ஆளும் கிடையாது, வாடகை இடமும் கிடையாது, நீங்கள் மட்டும். இந்த ரூபாய்களை உங்கள் ஊர் விலைக்கு மாற்றி ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதாமல் தொடங்குகிறவர் மாதக் கடைசியில் கல்லாவைப் பார்த்து ஆச்சரியப்படுவார்.

திருவிழாவில் ஆள் ஏன்? சுற்றுகிற கை காசைத் தொடக்கூடாது. சுத்தம் ஒரு காரணம், வேகம் இன்னொன்று. க்யூஆர் கோடு அட்டையை வரிசையில் நிற்கிறவர் கண்ணுக்கு நேராகத் தொங்கவிடுங்கள். முறை வருமுன் பணம் வந்துவிட வேண்டும். பத்து ரூபாய்ச் சில்லறை முதல்நாளே வாங்கி வையுங்கள்.

5. காலண்டரை மனப்பாடம் செய்யுங்கள்

சங்கரன்கோவில்காரருக்கு ஆடித்தபசுத் திருவிழாவைப் பற்றி யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் பக்தராகப் பார்ப்பது வேறு, வியாபாரியாகப் பார்ப்பது வேறு. கொடியேறியதும் ஆடிச்சுற்று தொடங்கும். நூற்றுக்கணக்கான தடவை கோவிலைச் சுற்றுகிறவர் நேர்த்திக்கடனில் இருக்கிறார். அவருக்கு வேண்டியது தண்ணீரும் மோரும். உங்கள் கஸ்டமர் தபசு நாளில் குடும்பத்தோடு வருகிறவர். கோமதி அம்மனுக்கு சங்கரநாராயணர் காட்சி கொடுப்பது சாயங்காலம். சங்கரலிங்கர் காட்சி நள்ளிரவை ஒட்டி. இரண்டுக்கும் நடுவே பல மணி நேரம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். உங்கள் நேரம் அதுதான். சாயங்காலக் காட்சி முடிவதற்குள் சூடேறிய மிஷினோடு தயாராக இருங்கள். தபசின்போது விவசாயிகள் பருத்தியும் மிளகாய் வத்தலும் சூறைவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்; கரிசல்காட்டுப் பஞ்சு வீசப்படுகிற தெருவுக்குப் பக்கத்தில் சீனிப் பஞ்சு விற்பது என்னவோ பொருத்தமாகத்தான் இருக்கிறது.

காட்சி நடக்கிற தெருவிலேயே இடம் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். அங்கே தள்ளுமுள்ளு, வரிசை நிற்காது, சூடான மிஷினோடு நீங்களும் நிற்க முடியாது. கூட்டம் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழி நல்லது. இடம் கோவிலுக்குச் சொந்தமா, நகராட்சிக்கா, நெடுஞ்சாலைக்கா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொந்தமில்லாத ஒருவர் வந்து வாடகை கேட்பதும் உண்டு. ரசீது கொடுப்பவரிடம் மட்டும் காசு கொடுங்கள்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சும்மா சொன்னதல்ல. அந்த மாதம் திறந்த மிஷினில் சுற்றினால் பாதி நூல் பக்கத்துக் கடைக்காரர் சட்டையில் இருக்கும். மிஷினோடு வட்ட மூடி கேட்டு வாங்குங்கள்.

தபசோடு வருஷம் முடிந்துவிடவில்லை. கழுகுமலை பங்குனி உத்திரம், கரிவலம்வந்தநல்லூர் ஆவணித் தபசு, சுற்றுக் கிராமங்களின் கொடைகள், தேவாலயத் திருவிழாக்கள், சந்தனக்கூடு. கிராமக் கொடையில் கூட்டம் குறைவு, ஆனால் போட்டியும் குறைவு. விழாக் கமிட்டியில் ஒருவரைத் தெரிந்திருந்தால் இடம் இலவசம். அந்த ஒருவர் யார் என்று ஊர் ஊராகப் பெயரும் நம்பரும் சேர்த்து வைப்பதுதான் இந்தத் தொழிலின் உண்மையான முதலீடு.

இரண்டு இடங்களில் ஆசைப்பட வேண்டாம். ஒன்று, குற்றாலம் சீசன். கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு ஊறும். ஆனால் சாரல் அடிக்கிற காற்றில் இந்த நூல் நிற்காது. ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்துக் கட்டியாகிவிடும். காய்ந்த கரிசல் மண்ணின் வெயில் உங்கள் நண்பன். மற்றது, பள்ளிக்கூட வாசல். கொழுப்பு, சீனி, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக்கூடாது என்று 2020-இல் எஃப்எஸ்எஸ்ஏஐ விதி போட்டது. சீனியைத் தவிர வேறெதுவும் இல்லாத உங்கள் பண்டம் எந்தப் பக்கம் வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

6. தெருவில் பழகுங்கள், மண்டபத்தில் சம்பாதியுங்கள்

திருவிழா காசு தரும், ஆனால் நிச்சயம் தராது. நிச்சயம் தருவது விசேஷ வீடுகள்: கல்யாணம், சடங்கு, காதுகுத்து, பால்காய்ப்பு, பர்த்டே. அட்வான்ஸ் கையில், எண்ணிக்கை தெரியும், கரண்ட் அவர்களுடையது, மழை பெய்தாலும் கூரை இருக்கிறது.

ரேட் பேசும்போது “ஒரு மிட்டாய் இவ்வளவு” என்று ஆரம்பிக்காதீர்கள். வீட்டுக்காரர் சீனி விலையைக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். “மூன்று மணி நேரம் லைவ் கவுன்ட்டர், அதிகபட்சம் 180 பேர், இரண்டு ஆள்” என்று பேக்கேஜாகச் சொல்லுங்கள். உங்கள் வேகத்தின் உச்சத்தை முன்னதாகவே சொல்லிவிடுவது முக்கியம். சொல்லாமல் போனால் பந்தி முடிந்து ஐந்நூறு பேர் ஒரே சமயத்தில் வருவார்கள். கிடைக்காதவர் வீட்டுக்காரரிடம் குறை சொல்வார், வீட்டுக்காரர் பேலன்ஸில் பிடிப்பார். பாதிப் பணம் முன்பே. மீதி மிஷினைக் கழற்றும் முன்.

ஆர்டர் தருகிறவர் யார்? மாப்பிள்ளை வீட்டார் என்று நினைக்காதீர்கள். சமையல் கான்ட்ராக்டர், மண்டப மேனேஜர், பந்தல்காரர், போட்டோகிராபர். இந்த நான்கு பேரிடம் கமிஷன் பேசுங்கள், கூச்சப்படாதீர்கள். அவர்களுக்கும் பிழைப்பு அது. வேறொருவர் அதிகம் கொடுத்தால் அவர்கள் அங்கே போவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். எனவே வீட்டுக்காரர் நம்பரையும் நீங்கள் தனியாக வாங்கி வையுங்கள். அந்த வீட்டில் அடுத்த வருஷம் ஒரு பர்த்டே இருக்கும்.

தோற்றம். கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன், தலைக்குத் தொப்பி, வெட்டிய நகம், துடைத்த மிஷின். வெள்ளைப் பண்டம் விற்கிறவர் சட்டையில் அழுக்கு இருந்தால் அது நூறு அடி தூரத்துக்குத் தெரியும். எஃப்எஸ்எஸ்ஏஐ நடத்தும் ஃபாஸ்டாக் பயிற்சியில் தெருவோர உணவு வியாபாரிகளுக்கென்றே ஒரு வகுப்பு இருக்கிறது. போய்ச் சான்றிதழ் வாங்கி, லேமினேட் செய்து மாட்டுங்கள். முதல் பத்து ஆர்டரிலும் பிள்ளைகள் மிட்டாயோடு சிரிக்கிற பத்து நொடி வீடியோ எடுங்கள், பெற்றோரிடம் கேட்டுவிட்டு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் இந்த வட்டாரத்தின் ஃப்ளெக்ஸ் போர்டு.

7. கடன்

முதல் மிஷினுக்கு முடிந்தவரை கைக்காசு போடுங்கள். தெருவோர வியாபாரி என்று நகராட்சியில் பதிந்து அடையாள அட்டை வாங்கினால் பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 2020-இல் 10,000 ரூபாயில் தொடங்கிய முதல் தவணைக் கடன் 2025-இல் 15,000 ஆனது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்த தவணை பெரிதாகும். முத்ரா கடன் திட்டத்தில் சிஷு பிரிவு 50,000 ரூபாய் வரை. தினவட்டிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள். மழைக்கு விடுமுறை விடுகிற தொழிலுக்கு, விடுமுறையே விடாத வட்டி கட்டுப்படியாகாது.

8. ஐப்பசிக்கு என்ன செய்வீர்கள்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் திறந்தவெளி வியாபாரம் படுத்துவிடும். மார்கழிப் பனியும் நூலுக்கு ஆகாது. வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் மிஷின் மூடித்தான் கிடக்கும் என்று பிளான் போட்டுக்கொண்டே வாருங்கள். அதற்காகச் சேர்க்க வேண்டிய இரண்டாவது மிஷின் இன்னொரு பஞ்சு மிட்டாய் மிஷின் அல்ல, பாப்கார்ன் மிஷின். ஈரத்துக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது; சுடச்சுடக் கொடுப்பதால் மழைக்கு எடுபடும். மண்டபத்தில் இரண்டையும் சேர்த்து “காம்போ கவுன்ட்டர்” என்று ஒரே ரேட் பேசலாம். இரண்டாவது பஞ்சு மிட்டாய் மிஷின் எப்போது? ஒரே முகூர்த்த நாளில் இரண்டு ஆர்டர் வந்து, ஒன்றை வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நிலை தொடர்ந்து மூன்று முகூர்த்தத்துக்கு வந்தால். அதுவரை கைமாறிப் போகிற ஆர்டரை நம்பிக்கையான இன்னொரு மிஷின்காரருக்குக் கமிஷனுக்குத் தள்ளிவிடுங்கள். ஆனால் அவரும் வெள்ளைதான் சுற்றுகிறாரா, நம்பர் எடுத்திருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்த்த பிறகு. ஆர்டர் உங்கள் பெயரில் போயிருக்கிறது.